மூன்று நாடாவும் இரண்டு கதவுத் துண்டும்

என் சித்தி தையல்காரி. தெருவில் அவளுக்கு ‘அரையிஞ்ச்’ என்று பேர். துணி கொண்டுவருபவர்கள் சொல்லும் அளவை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. “போன மாசம்தான்க்கா அளந்தேன்” என்று யாராவது சொன்னால், “போன மாச உடம்ப வீட்லயே வச்சிட்டு வந்திட்டியா?” என்பாள். அவளே அளந்த பிறகும் அவளுக்குத் திருப்தி வராது. அரை அங்குலம் துணியைத் தையலுக்குள் மடித்து ஒளித்துவைப்பாள்.

சந்தேகம் துணியோடு நிற்பதில்லை. பித்தான் பெட்டி வாங்கினால் கடைக்காரர் எதிரிலேயே எண்ணுவாள். பால் பாக்கெட்டைக் கையில் தூக்கி எடை பார்ப்பாள். மழை பெய்யும் என்று வானொலி சொன்னால், “இவங்களுக்கு யார் சொன்னாங்களாம்?” என்று கேட்பாள்.

மழையைப் பற்றி அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் பின்னால் கால்வாய் ஓடுகிறது. பதினோரு வருடத்தில் மூன்று முறை அது வீட்டுக்குள் வந்தது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் ஒரு கறைக்கோடு நிற்கும். சித்தி தரையிலிருந்து அந்தக் கோடு வரை ஒரு பருத்தி நாடாவைப் பிடித்து வெட்டி, வருடத்தை எழுதிப் பித்தான் டப்பாவில் போட்டுவைப்பாள். வாடிக்கைக்காரர்களின் அளவையும் அவள் இப்படித்தான் நாடாவில் வைத்திருப்பாள். தண்ணீரும் அவளுக்கு ஒரு வாடிக்கைக்காரர்தான், கூப்பிடாமல் வருகிறவர்.

கடைசியாகத் தண்ணீர் வந்தபோது சித்தப்பாவை வெட்டுமேசை மேல் ஏற்றி உட்காரவைத்தாள். அவர் லாரி ஓட்டியவர். விபத்துக்குப் பிறகு வலது முழங்கால் மடங்காது, வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். அவரைத் தூக்கிப்போக ஆள் வருவதற்கு ஒன்றரை நாள் ஆனது. அவ்வளவு நேரமும் தையல் மெஷின்கள் கண்ணெதிரே தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன.

இந்த வருடம் மழைக்கு முன்பே ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு வீட்டையும் அளந்து, வெள்ளம் எவ்வளவு வரக்கூடும் என்று கணக்குப் போட்டு, ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிக்கொடுக்கும் திட்டம். சர்வேயர் இளைஞர். ஒரு திங்கட்கிழமை கையில் மட்டம் பார்க்கும் நீளமான குழாயோடு, உள்ளே தண்ணீர் ஆடும் பிளாஸ்டிக் குழாய் அது, சித்தி வீட்டு வாசலில் நுழைந்து நிலையில் ‘டங்’கென்று நெற்றியை இடித்துக்கொண்டார்.

“குனிஞ்சு வரணும் தம்பி. இங்க எல்லாரும் குனிஞ்சுதான் வருவாங்க” என்றாள் சித்தி. அவள் குரலில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை.

அவர் குழாயின் ஒரு முனையைக் கால்வாய்ப் பாலத்துத் தூணில் அடித்திருந்த ஆணி மட்டத்தில் உதவியாளரைப் பிடிக்கவைத்து, மறுமுனையை வீட்டுச் சுவரில் வைத்து எதையோ குறித்தார். பிறகு வாசலில் சாக்கட்டியால் ‘3½’ என்று எழுதினார்.

“மூணரை அடி தூக்கணும்மா.”

“எதுக்கு?”

“அடுத்த பெரிய வெள்ளம் உள்ள வராம இருக்கணும்னா.”

“வெள்ளம் உங்ககிட்ட சொல்லிட்டுப் போச்சா?”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு சித்திக்குப் பிடிக்கவில்லை. அவர் அடுத்த வீட்டுக்குப் போனதும் ஈரத்துணியால் அந்த எண்ணை அழித்தாள். பிறகு கையில் காலிப் பையை எடுத்துக்கொண்டு, காய் வாங்கப் போவதுபோல் அவர் பின்னாலேயே போனாள். ஒரு வீட்டில் மூன்று அடி. அடுத்த வீட்டில் இரண்டே முக்கால். ஒரு டீக்கடையில் சர்வேயரும் ஜாக்கி மேஸ்திரியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சித்திக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

“ஒரே தண்ணி, வீட்டுக்கு வீடு வேற அளவாம். ரெண்டு பேரும் கூட்டு. உயரம் கூடக்கூட மேஸ்திரிக்கு வேலை கூடும். நம்ம தலையில மிளகா அரைக்கப் பார்க்கிறாங்க” என்று சித்தப்பாவிடம் சொன்னாள்.

அவளுடைய கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ரோட்டைப் போட்டுப் போட்டு உயர்த்தியதில் இப்போது வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் படியே இல்லை. தினமும் காலை பத்து மணிக்குச் சித்தப்பா வாக்கரைத் தள்ளிக்கொண்டு மூலை சைக்கிள் கடைக்குப் போவார். அங்கே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து உலகத்தில் நடக்கும் எல்லாவற்றோடும் சண்டை போட்டுவிட்டுப் பன்னிரண்டுக்குத் திரும்புவார். அவருக்கு மிச்சமிருந்த வெளியுலகம் அந்த இரண்டு மணி நேரம்தான். மூன்றரை அடி என்றால் ஆறு படி. அவரால் அதில் ஒன்றைக்கூட ஏற முடியாது. அதனால் எப்படியாவது அளவைக் குறைக்க வேண்டும் என்பது சித்தியின் எண்ணம். இரண்டடி என்றால் இரண்டு ஆள் பிடித்தாவது இறக்கிவிடலாம்.

மறுநாள் சர்வேயர் வந்து, எண் காணாமல் போனதைப் பார்த்து, மறுபடி எழுதச் சாக்கட்டியை எடுத்தார். சித்தி பித்தான் டப்பாவைத் திறந்து மூன்று நாடாக்களையும் மேசைமேல் வரிசையாகப் போட்டாள்.

“இது முதல் தடவை, முப்பது இஞ்ச். இது ரெண்டாவது, இருபத்தாறு. இது கடைசி, இருபத்திரண்டு. பார்த்தீங்கல்ல? தண்ணி தடவைக்குத் தடவை குறையுது. அடுத்தது பதினெட்டுதான் வரும். ரெண்டடியே எனக்கு அதிகம். யாருக்குக் காது குத்துறீங்க?”

அவர் நாடாக்களைக் கையில் எடுத்துப் பார்த்தார். “நல்லா வெட்டியிருக்கீங்கம்மா. எங்கேருந்து அளந்தீங்க?”

“தரையிலேருந்துதான். பின்ன ஆகாசத்துலேருந்தா?”

“எந்தத் தரை?”

“என்ன கேள்வி இது? என் வீட்ல எத்தனை தரை இருக்கு?”

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு நிலையை ஒருமுறை பார்த்தார். “வியாழக்கிழமைக்குள்ள சொல்லிடுங்கம்மா. அதுக்கப்புறம் ஜாக்கி எல்லாம் அடுத்த தெருவுக்குப் போயிடும். மழைக்கு முன்னாடி திரும்பி வராது.”

அவர் போன பிறகும் சித்தி அந்தக் கேள்வியைத் திட்டிக்கொண்டே இருந்தாள். “எந்தத் தரையாம்! மடக்கிட்டதா நினைப்பு.” திட்டிக்கொண்டே ஒரு சட்டையின் கைப்பகுதியை இஸ்திரி போட்டாள். கைப்பகுதியை மாட்டித் தேய்ப்பதற்கு அவளிடம் ஒரு பலகை உண்டு, பழைய கம்பளி சுற்றியது. பாதித் தேய்ப்பில் அவள் கை நின்றது.

அந்தப் பலகை அவள் வீட்டு வாசல் கதவின் அடிப்பகுதி. முதல் வெள்ளத்துக்குப் பிறகு இடிசல் கொட்டிச் சிமெண்ட் பூசித் தரையை மேடாக்கியபோது கதவு திறக்கவில்லை. தரை ஏறிய அளவுக்குத் தச்சர் கதவின் அடியை அறுத்தார். இரண்டாவது வெள்ளத்துக்குப் பிறகும் அதேபோல மேடாக்கி, அதேபோல அறுத்தார்கள். அந்தத் துண்டு மெஷினுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. நிலை மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. அதனால்தான் எல்லாரும் குனிந்து வந்தார்கள்.

சித்தி கம்பளியைப் பிரித்தாள். பலகையின் அகலம் ஒன்பது அங்குலம். மெஷினுக்கு அடியிலிருந்து மற்றதை இழுத்தாள். எட்டு அங்குலம். முதல் நாடாவைச் சுவரோரமாகத் தரையில் நீட்டிவைத்தாள். இரண்டாவது நாடாவுக்குக் கீழே ஒன்பது அங்குலத் துண்டைச் சேர்த்தாள். மூன்றாவதுக்குக் கீழே இரண்டு துண்டையும் சேர்த்தாள். முப்பது. முப்பத்தைந்து. முப்பத்தொன்பது.

இரண்டு முறை அளந்தாள். நாடாவைத் திருப்பிப் போட்டு மூன்றாம் முறையும் அளந்தாள். முதல் முறையாக அவள் சந்தேகம் அவள் பக்கமே திரும்பியிருந்தது.

“என்ன, மெஷின் சத்தத்தையே காணோம்?” என்று சித்தப்பா உள்ளேயிருந்து கேட்டார்.

“தண்ணி குறையலீங்க” என்றாள் சித்தி. “நாமதான் ஏறிக்கிட்டே இருந்திருக்கோம். அதுவும் கூடவே ஏறியிருக்கு, நம்மளவிட வேகமா. வீட்டுக்கு வீடு தரை வேற, அதான் அந்தத் தம்பி அளவும் வேற.”

சித்தப்பா வாக்கரோடு வந்து தரையில் கிடந்ததைப் பார்த்தார். அவருக்கு உடனே புரிந்தது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

“ரெண்டடியே போதும்னு சொல்லிடு.”

“அடுத்தது இந்தத் தரைக்கு மேலயே இருபத்தேழு இஞ்ச் வந்தா?”

“வந்தா மறுபடி மேசைமேல உட்கார்றேன். எனக்கென்ன, பழகின இடம்தானே. ஆறு படி வச்சு என்னைப் பரண்ல போட்டுடாத.”

சித்தி அவர் முன்னால் மண்டியிட்டு டேப்பை எடுத்தாள். “காலைத் தூக்குங்க.”

“எதுக்கு, பேண்ட் தைக்கவா?”

“தூக்குங்கன்னா.”

வலது பாதம் தரையிலிருந்து நான்கு அங்குலம் எழும்பியது. இன்னும் தூக்கச் சொன்னாள். அவர் பல்லைக் கடித்தார், நான்கேகால். ஒரு படிக்கோ ஏழு அங்குலம் வேண்டும்.

அன்று மாலை முழுக்க அவள் பழுப்புத் தாளில் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்று சரிவு வைத்தால் வாக்கர் ஏறும் என்று சைக்கிள் கடைக்காரர் சொன்னாராம். அதையும் நம்பாமல், சைக்கிள் கடை வாசலில் இருந்த சரிவைப் போய் அளந்துவிட்டு வந்தாள். நாற்பத்திரண்டு அங்குலத்துக்கு நாற்பத்திரண்டு அடி வேண்டும். வீட்டின் பக்கவாட்டுச் சுவரோ இருபத்து நான்கு அடிதான். பாவாடைக்கு மடிப்பு வைப்பதுபோல் தாளை நடுவில் மடித்தாள். சுவரோரமாகப் போய், ஒரு திருப்பம், மறுபடி வாசலுக்கு. தையல் சாக்கட்டியால் அதைத் தெருவில் முழு அளவில் வரைந்து, சித்தப்பாவை வாக்கரோடு நடக்கவிட்டுப் பார்த்தாள். திருப்பத்தில் வாக்கர் இடித்தது. அங்கே அரை அடி கூட்டினாள்.

வியாழக்கிழமை சர்வேயர் நன்றாகக் குனிந்து உள்ளே வந்தார். கூடவே மேஸ்திரியும்.

“மூணரை அடி” என்றாள் சித்தி. “ஆனா இந்தச் சரிவு சேர்த்து. படம் இருக்கு.”

மேஸ்திரி தாளைப் பார்த்தார். “கட்டிடலாம்க்கா. வீடு ஏறட்டும் முதல்ல.”

“ஏறினதும் நீங்க அடுத்த தெருவுக்கு ஓடிடுவீங்க.”

“நான் அப்படிப்பட்ட ஆளா?”

“எனக்கு எப்படித் தெரியும்? உங்ககூட இப்பதானே பேசுறேன்.”

ஜாக்கிகள் வந்தன. சித்தியும் சித்தப்பாவும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மேஸ்திரி விசில் ஊதுவார்; ஒவ்வொரு விசிலுக்கும் முப்பது ஆட்கள் முப்பது ஜாக்கியை ஒரே நேரத்தில் கால் சுற்று திருப்புவார்கள். ஒருவர் முந்தினாலும் சுவர் விரிசல் விடும். சித்தி தினமும் தெருவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான்கு மூலையிலும் நாடா பிடித்துப் பார்த்தாள். ஒரு விரிசலையும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

வீடு உயரத்துக்கு வந்து, கீழே செங்கல் கட்டி முடித்த அன்று மேஸ்திரி சொன்னார்: “சரிவை அடுத்த வாரம் வந்து கட்டித் தர்றேன்க்கா.”

சித்தி தலையாட்டினாள். “சரி. உங்க விசில் கயிறு அறுந்திருக்கே, குடுங்க, தைச்சுத் தர்றேன்.”

அவர் கழற்றிக் கொடுத்தார். சித்தி அதைப் பித்தான் டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

“அக்கா, விசில்?”

“சரிவு முடியுற அன்னிக்கு கயிறும் தைச்சு முடிஞ்சிருக்கும்.”

அவர் வேறு விசில் வாங்கியிருக்கலாம். ஆனால் ஆட்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சரிவு நான்கு நாளில் முடிந்தது.

ஈரம் காய்ந்த பிறகு ஒரு காலையில் சித்தி நூல்கண்டு ஒன்றைச் சரிவின் உச்சியில் வைத்து விட்டாள். அது மெதுவாக உருண்டு திருப்பத்தில் போய் நின்றது. இன்னொரு கண்டையும் விட்டுப் பார்த்தாள். அதுவும் நின்றது.

“இன்னும் எத்தனை கண்டு உருளணும்? மணி பத்தாகுது” என்றார் சித்தப்பா.

அவர் இறங்கினார். சித்தி கையை நீட்டிக்கொண்டே பின்னால் போனாள், ஆனால் தொடவில்லை. திருப்பத்தில் வாக்கர் இடிக்கவில்லை. தெருவைத் தொட்டதும் அவர் திரும்பிப் பார்க்காமல் சைக்கிள் கடைப் பக்கம் நடந்தார். மூலையிலிருந்து யாரோடோ அவர் சண்டையை ஆரம்பிக்கும் சத்தம் கேட்டது.

சித்தி உள்ளே வந்து, புதுத் தரையின் உயரத்துக்கு நாலாவது நாடாவை வெட்டினாள். இந்த முறை அதில் வருடத்தை மட்டும் எழுதவில்லை. ‘கால்வாய்ப் பாலத்துத் தூணில் அடித்த ஆணி மட்டத்திலிருந்து’ என்று பொடி எழுத்தில் எழுதினாள். எழுதிவிட்டு, அந்த ஆணி இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.