நவம்பர் இருபத்தொன்றின் மூன்றாவது செய்தி

பேருந்து நிலையத்தில் அவளுக்குப் பெயர் இதேநாள் அக்கா. எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவளுடைய வேலை. நடுவில் மூச்சுவிட இடம் கிடைத்தால் போதும், "இதே நாளில்..." என்று ஆரம்பித்து, உலகத்தில் என்றைக்கோ நடந்த ஒன்றை எடுத்துவிடுவாள். ஒரு பாலம் திறந்தது, ஒரு மருந்து கண்டுபிடித்தது, யாரோ மலை ஏறியது. போர், விபத்து, சாவு மட்டும் அவள் வாயில் வராது. "ஊருக்குக் கிளம்புற மனுஷங்க காதுல எதுக்கு அதெல்லாம்?" என்பாள். அப்படிக் கழித்தால் சரித்திரத்தில் முக்கால்வாசி காணாமல் போகும். போனால் போகட்டும் என்பது அவள் கட்சி.

ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவளுக்கு, மகள் பேருந்து ஓட்டப்போகிறாள் என்றதும் இருந்த தைரியமெல்லாம் போய்விட்டது. ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டாள். மகள் மசியவில்லை. முதல் நாள் காலை காக்கிச் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அம்மா, மைக்ல என்னைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது. டிப்போல கேலி பண்ணியே கொன்னுடுவாங்க. உன் குரல் நடுங்கினா எனக்குக் கையும் நடுங்கும்."

"நான் எதுக்குடி நடுங்கப்போறேன்?" நடுங்கிக்கொண்டேதான் கேட்டாள்.

அன்று நவம்பர் இருபத்தொன்று. அவளுக்குச் செல்லமான நாள். பலூனில் இரண்டு பேர் கட்டுக்கயிறு இல்லாமல் முதன்முதலாக வானத்தில் பறந்தது அன்றுதான். பேசிய பேச்சைத் திருப்பிப் பேசும் கருவியைக் கண்டுபிடித்தாயிற்று என்று ஒருவர் அறிவித்ததும், சுமார் நூறு வருஷம் கழித்து, அதே தேதியில்தான். இரண்டையும் கணீரென்று சொன்னாள். ஏழாம் நடைமேடையிலிருந்து மகளின் வண்டி புறப்படுவதையும் பிசிறில்லாமல் சொல்லி முடித்தாள். அப்பாடா என்று ஜன்னல் பக்கம் திரும்பியவள் மைக்கை அணைக்க மறந்துபோனாள்.

"பாத்துப் போ பாப்பா."

நிலையம் முழுக்கக் கேட்டது. பழக்கடைக்காரர் முதல் கண்டக்டர்கள் வரை விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகள் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மாலையில் பத்திரமாகத் திரும்பியும் வந்தாள். அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமா என்று கேட்க அம்மாவுக்கு வாய் வரவில்லை. பெற்ற பிள்ளையைச் சபையில் தலைகுனிய வைத்துவிட்டோமே என்ற உறுத்தல் ஒரு வருஷமாக அவளை விடவில்லை. மகளின் வண்டியை அறிவித்த கையோடு மைக்கை அணைத்து, ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்ப்பாள்.

அடுத்த நவம்பர் இருபத்தொன்றும் வந்தது. பலூனைச் சொன்னாள். கருவியைச் சொன்னாள். ஏழாம் நடைமேடை வண்டி புறப்படுகிறது என்றாள். வண்டி புறப்படவில்லை. இன்னொரு முறை சொன்னாள். அசையவில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

கண்டக்டர் மூச்சிரைக்க ஜன்னலுக்கு ஓடிவந்தார். "அக்கா, டிரைவரம்மா வண்டிய எடுக்க மாட்டேங்கிறாங்க. இன்னிக்கு மூணு சேதியாம். மூணாவது இன்னும் வரலையாம்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாயருகே இழுத்தாள்.

குரல் நடுங்கத்தான் செய்தது. வண்டி சீராகக் கிளம்பிப் போனது.