அண்ணாவுக்குத் துணை

என் அண்ணா ஒரு சனிக்கிழமை இறந்துபோனார். ஊரை விட்டு வந்து நாங்கள் குடியிருந்த ரொம்மனில், எங்கள் வீட்டுப் படியில் ஏறிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். ஊரில் சண்டை திரும்பத் தொடங்கியிருந்த வருசம். அப்பாவை ஏற்கெனவே அங்கே பறிகொடுத்தவர்கள் நாங்கள். இங்கே யாரும் சாகமாட்டார்கள் என்று எனக்குள் ஒரு மடத்தனமான நம்பிக்கை இருந்தது.

சனிக்கிழமை இறந்தவர் வீட்டிலிருந்து இன்னொருவரைத் துணைக்குக் கூப்பிடுவார் என்று எங்கள் ஆட்களுக்குப் பயம். அதற்காகச் சவப்பெட்டிக்குள் ஒரு முட்டை வைப்பார்கள். முட்டைக்குள் இருக்கிற உயிர் துணையாகப் போனால் மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாதாம். அண்ணாவின் இறுதிச்சடங்குக்கு அம்மாவும் கைப்பைக்குள் முட்டையோடுதான் வந்தார். ஆனால் நாங்கள் போகும்போதே பெட்டியை மூடித் திருகாணி பூட்டியிருந்தார்கள். இனித் திறக்க முடியாது என்றார்கள்.

வீட்டில் மிச்சம் நானும் அம்மாவும்தான். அம்மா என்னைக் கண்ணுக்குள் வைத்திருந்தார். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே குரல் கேட்கும்.

"பிள்ளை, இருக்கிறியே?"

"இருக்கிறன் அம்மா. தலைக்கு ஷாம்பு போடுறன்."

"கதவைப் பூட்டாதை."

வேலைக்கும் விடவில்லை. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். அகெர்ஷூஸ் கோட்டையில் துப்புரவு வேலை. அங்கே கீழே அரச குடும்பத்தின் கல்லறை இருக்கிறது. பல நூறு வருசத்துக்கு முந்திய ஓர் அரசரும் அவருடைய அரசியும் அதில் இருக்கிறார்கள். நான் தரை துடைக்கும்போது, வழிகாட்டிப் பெண் வந்தவர்களுக்குச் சொல்வது காதில் விழும். முதலில் ட்ரொண்ட்ஹைம் நகரத்தில் அவர்கள் காலத்துப் பேராயர் இறந்தாராம். சில வருசத்தில் அரசி. அடுத்து அரசர். முன்பெல்லாம் அது எனக்கு வெறும் சத்தம். வீட்டில் அடைந்து கிடந்தபோது அந்த மூன்று பேரும் தலைக்குள் நடக்கத் தொடங்கினார்கள், ஒருவருக்குப் பின்னால் ஒருவராக. இவர்களில் யார் சனிக்கிழமை போனது? யார் யாரைக் கூப்பிட்டது? வாய் சும்மா இருக்கவில்லை, அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"என்னை அங்கை கூட்டிக்கொண்டு போ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். கல்லறை வாசலில் அம்மா குனிந்து சப்பாத்தைக் கழற்றப் பார்த்தார்.

"அம்மா, குளிரும். இஞ்சை ஒருத்தரும் கழட்டுறேல்லை."

"செத்தவை படுத்திருக்கிற இடமெல்லே?"

வழிகாட்டிப் பெண் என்னைக் கண்டதும் வந்து கட்டிப்பிடித்தாள். அம்மா அதைப் பொருட்படுத்தவில்லை.

"ராணி செத்து எவ்வளவு காலத்தாலை ராசா போனவர் எண்டு கேள்."

கேட்டேன். சில வருசம்தான் என்றாள் அவள். நான் அம்மாவிடம், "கனகாலம் இருந்தவராம், கிழவனாகித்தான் செத்தவராம்" என்றேன்.

"பொய் சொல்லாதை. முதியோர் இல்லத்துக் குசினியிலை சமைச்சுக்கொண்டு இவ்வளவு காலமும் ஊமையாவே நிண்டனான்? இவையின்ரை நொஷ்க் பாசை எனக்கும் விளங்கும்."

பிறகு அந்தப் பெண்ணிடம் அம்மாவே கேட்டார், ஒரே ஒரு சொல்லில். "பார்ன்?" பிள்ளை இருந்ததா என்று.

ஒரே மகள் என்றாள் அவள். தாய் தகப்பனுக்குப் பிறகு அந்த மகள் நெடுங்காலம் வாழ்ந்தாளாம்.

அம்மா கல்லைப் பார்த்தபடி நின்றார். முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"பாத்தியே, பிள்ளையைத் தொடேல்லை. தாயைத்தான் கூப்பிட்டது" என்றார். என் பக்கம் திரும்பி, "நாளைக்கு நீ வேலைக்குப் போ."

"அம்மா, விசர்க்கதை கதைக்காதேங்கோ."

"என்ன விசர்? அண்ணாவுக்கும் என்னோடைதானே ஒட்டு."

திரும்பி வரும்போது ரயிலில் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினார். அண்ணா போன பிறகு அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. யார் போவது என்று அவர் முடிவு செய்துவிட்டார். ஒவ்வொரு ஸ்டேசனிலும் கதவு திறந்து குளிர் உள்ளே வந்தபோது, நான் அவருடைய ஜாக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.