கடைசி வாரம் இல்லாத கதை

எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர் முடிந்து சனம் ஊர் திரும்பிய மீள்குடியேற்றக் காலம். மன்னாரிலிருந்து வெள்ளாங்குளம் போகும் பேருந்தில் என் பக்கத்தில் நரை ஓடிய ஒரு பெண் இருந்தார். வார இதழில் வந்த சரித்திரத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, நூலால் தைத்த புத்தகம் மடியில் இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தையே திரும்பத் திரும்ப வாசித்தார்.

"முடிவு வாறதுக்கு முதலே இந்தியா முகாமை விட்டு வந்திட்டம் அண்ணை. அரசனைக் கொலை செய்தது ஆரெண்டு தெரியாட்டிலும் பரவாயில்லை. காதலன் மறிக்க மறிக்க இளவரசி தனியக் கோட்டைக்குத் திரும்பினவளோ எண்டுதான் தெரியவேணும்."

"நீங்கள் எங்க போறியள்?"

"எங்கட காணிக்கு. தனியத்தான். தம்பி மறிச்சவன்."

கூச்சத்தை விட்டுச் சொன்னேன்: "அப்ப அவளும் போயிருப்பாள்."

"அட, நீங்களே கதை எழுதலாம் போல!" என்று சிரித்துப் புத்தகத்தை மூடினார்.

மறுநாள் அதே பேருந்தில் திரும்பி வந்தேன். அவர் அதில் இல்லை.