அப்பா நிறுத்திய கணினி

பிள்ளைகளே, லைற்றை அணைக்காமல் அறையை விட்டு வந்தால் நான் ஏசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தால் ஒருமுறை ஒரு கணினியையே படுக்க வைத்தவன் நான்.

நான் துப்புரவு வேலை செய்யும் மியூசியத்தில் ஒரு மண்டபம் முழுக்க ஒரே ஒரு கணினிதான் நிற்கிறது. உங்கள் கைபேசிக்குப் பூட்டன், கொள்ளுத்தாத்தா முறை. உள்ளே சிப் எதுவும் கிடையாது. விரல் பருமனில், சின்னப் பல்பு மாதிரிக் கண்ணாடி வால்வுகள், அலுமாரி அலுமாரியாக. சூடேறினால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். அதற்கும் முந்திய சில கணினிகளில் கணக்கை மாற்றுவதென்றால் வயர்களைக் கழற்றி வேறு இடத்தில் செருக வேண்டுமாம். இதில் அந்தக் கரைச்சல் இல்லை. துளை போட்ட கடதாசி நாடாவை மாற்றினால் போதும், அதே இயந்திரம் வேறு வேலை செய்யும்.

ஓய்வு பெற்ற பொறியியலாளர்கள் சிலர் அதைத் திருத்தி எடுத்திருந்தார்கள். மறுநாள் பத்து மணிக்கு அதைப் பார்க்க ஒரு வகுப்பு வர இருந்தது. மூத்தவள், உன்னுடைய வகுப்புத்தான்.

அன்று பின்னேரம் நான் துடைத்து முடித்தபோது, ஆளில்லாத மண்டபத்தில் அது சும்மா எரிந்துகொண்டு நின்றது. கரண்ட் வீணாகிறதே என்று சுவரிலிருந்த பெரிய சுவிச்சை இறக்கிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

காலையில் அவர்கள் மறுபடி போட்டு ஒரு கணக்குக் கொடுத்தார்கள். விடை பிழையாக வந்தது. வால்வுகள் ஆறிக் குளிர்ந்து திரும்பச் சூடேறும்போதுதான் அதிகம் சாகுமாம். அதனால்தான் வேண்டுமென்றே எரிய விட்டிருந்தார்கள். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானே போய்ச் சொன்னேன். பெரியவர் ஒருவர் தலையில் கை வைத்தார். பிறகு எல்லோருமாக வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிக்கப் போனார்கள். மணி ஒன்பதரை.

எனக்கு அணைக்கத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள் என்று அவர்களை மறித்து, ஜன்னல் திரைகளை இறக்கி, மண்டபத்து லைற்றுகளை எல்லாம் நிற்பாட்டினேன். இருட்டில் சிவப்புப் புள்ளிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. மூன்றாவது அலுமாரியில், கீழிருந்து இரண்டாம் வரிசையில், ஒன்று மட்டும் கறுப்பு. விரலால் காட்டினேன். மாற்றினார்கள்.

பத்து மணிக்கு விடை சரியாக வந்தது. பெரியவர் இந்தக் கதையை உன் வகுப்புக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். ஆள் யார் என்று மட்டும் சொல்லவில்லை. மூத்தவள், நீ நேரே வாளியுடன் நின்ற என்னிடம் வந்தாய்.

"அப்பா, அது நீங்கள்தானே?"

"ஓம்."

"தெரியும். நான் குளிச்சுக்கொண்டிருக்கேக்கையே லைற்றை நிப்பாட்டுற ஆள்."

அந்த ஒரு சுவிச்சை நான் இப்போது தொடுவதில்லை. வீட்டில் சட்டம் மாறவில்லை.