மருதமுனைக்குப் போன கடிதம்

காலை 7.15. அம்பாறை விடுதியிலிருந்து ஜீப் புறப்பட்டது. கல்முனை ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீற்றர். கலாசார மண்டபத் திறப்பு விழா பத்து மணிக்குத்தான். ஆனாலும் அமைச்சருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சம்மாந்துறை வயல்கள் முடிவதற்குள் மூன்று முறை நேரம் கேட்டுவிட்டார்.

வளைகுடா நாடொன்றில் அவர் தூதுவராக இருந்தபோதே நான் அவருடைய செயலாளர். அங்கே அவர் நடத்திய கலைவிழாக்கள் பெயர் பெற்றவை. ஓய்வுபெற்றதும், தேர்தலில் நிற்காமலே, கட்சியின் தேசியப் பட்டியல் மூலம் பாராளுமன்றம் போனார். பிறகு கலாசார அமைச்சு கிடைத்தது.

8.00. கல்முனையில் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நிப்பாட்ட வேணாம். மருதமுனைக்கு விடுங்க," என்று சாரதியிடம் சொன்ன அமைச்சர், என் பக்கம் திரும்பினார். "றிஸ்வானாட வீட்டுக்கு."

அந்த வளைகுடா நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய் அங்கேயே இறந்துபோனவள் றிஸ்வானா. உடலை ஊருக்கு அனுப்பாமல் அங்கேயே அடக்கம் செய்ய ஒப்புதல் கொடுத்தது எங்கள் தூதரகம். குடும்பத்துக்குப் போன கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான், கையொப்பம் அவருடையது.

8.20. சைக்கிள்களுக்கு வழிவிட்டு மணல் ஒழுங்கையில் நடந்தோம். றிஸ்வானாவின் தங்கை ஹபீபா கதிரை போட்டாள். கேட்காமலே கடிதத்தைக் கொண்டுவந்தாள்.

"'தூதரக அதிகாரிகள் முன்னிலையில் அடக்கம் நடந்தது' எண்டு இதுல இருக்கு. ராத்தாட ஜனாஸாவுக்கு நீங்க போன நீங்களா, சேர்?"

"இல்ல, தங்கச்சி. அண்டைக்குத் தூதரகத்துல கலைவிழா. நான் அதுல நிண்டன்."

"வேற ஆராவது?"

அமைச்சர் என்னைப் பார்த்தார்.

"ஒருத்தரும் போகல்ல," என்றேன்.

ஹபீபா அழவில்லை. "உம்மா மவுத்தாகும் வரைக்கும் இந்த வரியத்தான் திருப்பித் திருப்பி வாசிக்கச் சொன்னவ. இத வெட்டுங்க."

அவர் பேனாவை எடுத்து அந்த வரியை வெட்டி, பக்கத்தில் கையொப்பமிட்டார். "அவவ அடக்கின கபுறு எங்க இருக்கெண்டு கேட்டுச் சொல்றன்."

"சொல்லுங்க," என்றாள். தேத்தண்ணி குடிக்கச் சொல்லவில்லை.

பகல் 12.30. விழாவில் உரையை அரைவாசியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தார், அதற்கும் கைதட்டினார்கள். மாலைக் கூட்டத்துக்காக அக்கரைப்பற்று நோக்கித் தெற்கே போனோம். இடப்பக்கம் வீடுகளுக்கிடையே கடல் வந்து வந்து மறைந்தது.

"அந்த வரிய ஏன் போட்டீங்க?"

"அது, அங்க இறந்தவங்கட வீடுகளுக்குப் போன எல்லாக் கடிதத்திலயும் இருக்கிற வரி, சேர்."

"எல்லாத்திலயும்?"

"ஓம்."

இந்த ஊர்களை அதுவரை நான் முகவரிகளாகத்தான் அறிந்திருந்தேன். நிந்தவூர்ப் பெயர்ப்பலகை வந்தது.

"இந்த ஊருக்கும் அனுப்பினோமா?"

"ஓம், சேர். ரெண்டு."

அமைச்சர் சாரதியின் தோளைத் தொட்டு, வண்டியை நிறுத்தச் சொன்னார்.