மணி பேட்டரியும் அவள் மோவாயும்

அவளுடைய மோவாயில் இருந்தது ஏழெட்டு முடிதான். வலது ஓரமாக, கறுத்து, சற்றே சுருண்டு நிற்கும். முள்வாங்கியால் பிடுங்கிப் போடுவாள். சில நாட்களில் முன்னைவிடத் திடமாக வந்து நிற்கும். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த முடி எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. அதை அன்று அவளிடம் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

அப்போது எனக்கு மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் மணி பேட்டரி பார்க்கும் வேலை. ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜை நகர்த்தச் சுரங்கத்தின் அடியிலிருந்து மேலே மணி அடிப்பார்கள்; எத்தனை மணி என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். அந்த மணிக்கு மின்சாரம் கொடுத்தவை வரிசையாக நிற்கும் கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் நவச்சாரத் தண்ணீர், ஒரு துத்தநாகக் கோல், ஒரு கரிக்கட்டை. தண்ணீர் வற்றினால் ஊற்றுவது, கோல் தேய்ந்தால் மாற்றுவது என் வேலை. மிஷன் பள்ளியில் மெட்ரிகுலேஷன் வரை படித்திருந்ததால் அது கிடைத்தது. மின்சாரத்தையே நான்தான் கண்டுபிடித்தது போன்ற ஒரு மிதப்பும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் மளிகைக் கடையில் வெல்லம் கட்டிக் கொடுத்த காகிதம் ஏதோ ஆங்கில வைத்தியப் பத்திரிகையின் தாளாக இருந்தது. முகத்தில் வேண்டாத முடியின் வேருக்குள் மெல்லிய ஊசியை இறக்கி, பேட்டரியின் மின்சாரத்தை விட்டால் வேர் கருகிவிடும், அப்புறம் முளைக்காது என்று அதில் போட்டிருந்தது. வெல்லப் பிசுக்கோடு திரும்பத் திரும்பப் படித்துவிட்டு அவளிடம் ஓடினேன்.

“சீமையில துரைசானிங்களுக்கு இப்படித்தான் செய்றாங்களாம்.”

“துரைசானிக்கு மோவாயில முடி இருக்குமா இன்னா?”

“இல்லாமயா பத்திரிகையில போடுவான்?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “சரி, செய்ங்க. வலிச்சா கத்துவேன். உங்க அம்மா வந்து கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்.”

வேலையிடத்தில் கழித்துப் போட்ட ஜாடிகளைக் கேட்டு வாங்கி வந்து கட்டிலுக்கடியில் அடுக்கினேன். ஒரு கம்பியை மெல்லிய தையல் ஊசியில் சுற்றினேன். இன்னொரு கம்பியை ஒரு கரண்டிக் காம்பில் சுற்றி, உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை அதன்மேல் கட்டி அவள் கையில் கொடுத்தேன். கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“வாயில காலணாவ சப்புன மாதிரி இருக்குங்க,” என்றாள், ஊசி இறங்கியதும்.

லைன் என்று சொல்லும் கம்பெனி வரிசை வீட்டில் எங்களுக்கு ஒரே அறை, பின்னால் அடுப்படி. பகல் வெளிச்சத்தில் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் நின்று பேசினாலே அம்மா தொண்டையைச் செருமுவாள். ஆனால் இந்த வைத்தியத்துக்கு வெளிச்சம் வேண்டும். மோவாயை நான் விரல்களால் ஏந்திப் பிடிக்க வேண்டும். அவள் மூச்சு என் கன்னத்தில் படும் தூரத்தில் முகம் இருக்க வேண்டும். இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தத் தேவதையும் எங்களுக்குச் செய்து கொடுத்திருக்க முடியாது.

“பட்டப்பகல்ல இன்னாடா பண்றீங்க?” என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்பாள்.

“வைத்தியம்மா.”

“வைத்தியத்துக்கு இன்னாடா சிரிப்பு?”

ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்குப் பறப்பேன். சாப்பாட்டைக்கூட மறந்து ஜாடிகளை இழுப்பேன். ஏழெட்டு முடியும் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. நாங்கள் நிறுத்தவில்லை. “இங்க ஒண்ணு இருக்கு பாருங்க,” என்று அவள் முகத்தைத் திருப்புவாள். நானும் பார்ப்பேன். வெயிலில் மட்டுமே தெரியும் பூனைமுடி. அதன் பக்கத்திலும் ஊசியை இறக்குவேன். மருத்துவம் என்று சொல்லிக்கொண்டு தேவையில்லாத இடத்தில் எத்தனை குத்து குத்தினேன் என்று எனக்கே தெரியாது.

முதலில் வேர்க்குரு போல எழும்பியது. பொருக்குத் தட்டியது. பொருக்கு உதிர்ந்த இடமெல்லாம் சின்னச் சின்னக் குழி. விரலால் தடவினால் ஆரஞ்சுத் தோல் போல இருந்தது. குழிக்கு நடுவே தோல் இறுகிப் பளபளத்தது. அதோடு போகவில்லை. குழிக்குள்ளே நீலமும் கறுப்புமாகப் புள்ளிகள் நின்றன.

“பச்சை குத்திக்கணும்னா சந்தையில குத்துறவகிட்ட போயிருக்கலாமே,” என்றாள் அம்மா.

நான் காகிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். ஊசியைத் துத்தநாகத்தோடு சேர்க்க வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. முன்பும் அதைப் படித்திருந்தேன். ஆனால் மணி வேலையில் துத்தநாகக் கம்பி எப்போதும் எர்த்தாக மண்ணுக்குப் போகும், கரிக் கம்பிதான் மணிக்குப் போகும். என் கை பழக்கப்படி அவளை மண்ணாக்கி, ஊசியை மணியாக்கிவிட்டது. கரியோடு சேர்ந்த ஊசியின் இரும்பு கரைந்து தோலுக்குள் இறங்கியிருக்கிறது. தினமும் ஊசி கறுத்துப் போனதைச் சாம்பல் போட்டுத் தேய்த்தவனும் நான்தான்.

“ஏன் இப்படி ஆச்சு?” என்று அவள் கேட்டாள்.

“ஊசி குத்துன இடத்துல நீ மஞ்சள் பூசியிருக்க. அதான். இனிமே முகத்துக்குப் பூசாத. பூசினா இன்னும் குழியும்,” என்றேன்.

சொல்லி முடிக்கும் முன்பே இது பொய் என்று எனக்குத் தெரியும். அவள் நம்பினாள்.

அன்றிலிருந்து மஞ்சளில்லாத முகத்தோடு குழாயடிக்குப் போனாள். புருஷன் இருக்கும் பெண் அப்படிப் போனால் லைன் சும்மா இருக்குமா? “வீட்டுக்காரர் சொகமா இருக்காராமே?” என்று ஒருத்தி கேட்டாளாம். அந்த வீட்டுக்காரன் அதே நேரத்தில் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தான். இதைச் சொல்லி அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு அடுத்த லைனில் என் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் வந்தது. நலங்கு வைக்கச் சுமங்கலிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். இவளுடைய முறை வந்தபோது சித்தி, “நீ உள்ள போய் பாக்கு வெட்டும்மா,” என்றாளாம். பாதியிலேயே வீட்டுக்கு வந்து நின்றவள் அழவில்லை.

“நீங்க உசுரோட இருக்கும்போதே என்னைய ஒதுக்குறாங்க. மஞ்சளும் பூசக் கூடாது. நான் இன்னாதான் பண்றது?”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “மஞ்சள் மேல குத்தமில்ல. நான் கம்பிய மாத்திட்டேன்,” என்றேன்.

“எப்பத்துலேந்து தெரியும்?”

“நீ கேட்டப்பவே.”

பூனைமுடிக்கெல்லாம் குத்தியதையும் சொன்னேன்.

“அது எனக்குத் தெரியாதா? நான்தானே காட்டுனேன். அதுல எனக்கும் பங்கு இருக்கு. இந்தப் பொய்யில இல்ல.”

எழுந்து போய்க் கல்லில் மஞ்சளை இழைத்தாள். நெற்றி முதல் கழுத்து வரை பூசினாள். மோவாயில் மட்டும் குழிகளில் மஞ்சள் தேங்கி அழுத்தமான புள்ளிகளாகத் தெரிந்தது. “வாங்க,” என்றாள். “எங்க?” என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

பெண்கள் நிறைந்த அந்தக் கூடத்தில் என்னை நிறுத்தி, “சொல்லுங்க,” என்றாள். சொன்னேன். ஜாடி, ஊசி, கரண்டி, கரி, துத்தநாகம், நான் சொன்ன பொய், எல்லாம். சித்திதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“கேஜுக்கு அடிக்கிற மணிய பொண்டாட்டி மோவாயில கட்டினியாடா?”

“எத்தினி மணி அடிச்சா மேல வருவாளாம்?” என்றது ஒரு மூலை.

“அடிச்சவன்தான் இப்ப கீழ எறங்கிட்டான்,” என்றாள் என் அம்மா.

கூடமே குலுங்கியது. மணப்பெண் சிரித்த சிரிப்பில் அவள் கன்னத்து நலங்கு உதிர்ந்தது. சித்தி என் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துப்போய் மணையருகில் உட்கார வைத்தாள். இவள் குனிந்து மணப்பெண்ணின் கன்னத்தில் மஞ்சள் தடவினாள். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு அவமானத்திலும் அவ்வளவு லேசாக இருந்த நாள் என் வாழ்வில் வேறில்லை.

அப்புறம் வெகு காலம் ஒன்றாக வாழ்ந்தோம். பிள்ளைகளுக்கு இந்தக் கதையை அவளே நடித்துக் காட்டுவாள், கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. புள்ளிகள் நாளாவட்டத்தில் பச்சையாக வெளுத்தன. குழிகளின் ஆழம் குறையவில்லை. பனிக்காலத்தில் அந்த இடம் இறுகி, இழுக்கிறது என்று எண்ணெய் தடவிக்கொள்வாள். எண்ணெயை நான் தடவுகிறேன் என்பேன். “வேணாம், இருக்கட்டும்,” என்பாள், கோபமே இல்லாமல். எப்போதாவது மறந்து என் கை அவள் மோவாய்க்குப் போனால், அதைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொள்வாள்.