வேதப்புத்தகத்தைத் தள்ளிவைத்த வருடம்

மில்லிக்கன் பிளாசா ஒன்றில் கோப்பிக்கு வரிசையில் நின்றபோது மகள் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு ஐரிஷ் ஹிஸ்டரி ஏதும் தெரியுமோ? எனக்கு எஸ்ஸே ஒண்டு இருக்கு." தெரியாது என்ற முடிவு அவள் கேட்ட விதத்திலேயே இருந்தது. எனக்கு அயர்லாந்தின் ஒரே ஒரு வருடம் தெரியும், 1927. அதற்கு முன்னும் பின்னும் கேட்டால் முழிப்பேன். அந்த ஒரு வருடமும் அவித்த கோவாவின், அதுதான் முட்டைக்கோசின், மணத்தோடுதான் வரும்.

பார்க்டேலில் அறை அறையாக வாடகைக்கு விட்ட ஒரு பழைய வீட்டில்தான் ஊரிலிருந்து வந்த புதிதில் நான் இருந்தேன். கீழ்த்தட்டில் மோரா. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஐரிஷ்காரி. அவர் கோவா அவிப்பார், நாங்கள் மேலே கருவாடு பொரிப்போம். மணத்துக்கு மணம் சரி என்பதால் இரண்டு பக்கமும் முறைப்பாடு இல்லை. என் பக்கத்து அறையில் ஞானம் அண்ணை. நான் வந்து இறங்கிய நாளில் தன் கட்டிலை எனக்குத் தந்துவிட்டு நிலத்தில் படுத்த மனிதர்.

மோரா பேசியது இங்கிலீஷ்தான். ஞாபகத்தில் அது எங்கள் தமிழாகவே வருகிறது. அந்த நாளில் என் இங்கிலீஷ் இருந்த இலட்சணத்துக்கு, பாதியை நானே இட்டுக்கட்டியும் இருக்கலாம். அவருடைய தகப்பனும் சித்தப்பாவும் இங்கிலாந்து அரசருக்குச் சத்தியம் செய்ய மாட்டோம் என்று நின்றவர்கள். அதற்காகச் சித்தப்பாவைச் சொந்த நாட்டு ஆட்களே சுட்டுக்கொன்றார்கள். பிறகு 1927இல், சத்தியம் செய்யவேண்டாம் என்று இவர்களை நடத்திய தலைவரே பாராளுமன்றத்துக்குப் போனார். சத்தியம் செய்வதற்கென்று அங்கே இருந்த வேதப்புத்தகத்தை அப்பால் தள்ளிவைத்தார். இது சத்தியமே இல்லை என்று சொல்லி ஒரு கையெழுத்தைப் போட்டு உள்ளே போனார். மோராவின் தகப்பன் சுவரிலிருந்த தலைவரின் படத்தைக் கழற்றிக் கோழிக்கூட்டு ஓட்டையை அடைத்தாராம்.

"பிறகு ஆட்சிக்கு வந்து அந்தச் சத்தியத்தையே இல்லாமல் ஆக்கினவர்தானே?" என்றார் ஞானம் அண்ணை. நிறைய வாசிப்பவர்.

"ஓம், ஆக்கினவர். அதுக்காக எங்கட சித்தப்பாவை எழுப்பேலுமே?"

அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரில் எங்கள் எம்பிமார், தனிநாடு கேட்கமாட்டோம் என்று சத்தியம் செய்ய மறுத்துப் பாராளுமன்றக் கதிரைகளை இழந்த கதையை அவர் பெருமையாக எடுத்துவிட்டார். மோரா அவருக்கு இன்னொரு கோப்பை தேத்தண்ணீர் ஊற்றினார்.

அந்த விண்டரில் வீட்டில் ஹீட் சரியாக வரவில்லை. முறையிட்டோம். வாடகையைக் கூட்டுகிறேன், ஹீட்டில் குறையில்லை என்று கையெழுத்து வையுங்கள், இல்லாவிட்டால் மாத முடிவில் வெளியேறுங்கள் என்றான் வீட்டுக்காரன். ஞானம் அண்ணை எல்லோரையும் மோராவின் அறையில் கூட்டினார். "ஒருத்தரும் கையெழுத்து வைக்கக்கூடாது, சொல்லிப்போட்டன். எல்லாரையும் ஒரேயடியாக் குடியெழுப்பிப்போட்டு, இந்தக் குளிருக்க ஆரைக் குடிவைக்கப்போறான்?" மோரா பயந்துதான் இருந்தார். அவருக்கு வேறு வீடு இல்லை. அண்ணை அவருடைய கையைப் பிடித்து, தானும் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

மாத முடிவில் எங்களை வெளியேறச் சொல்லிக் கதவைத் தட்டியவர் ஞானம் அண்ணை. கையில் எல்லா அறைகளையும் பூட்டித் திறக்கிற திறப்புக் கொத்து. வீட்டுக்காரன் அவரைப் பொறுப்பாக வைத்துவிட்டான்.

"தம்பி, உது சும்மா ஒரு கையெழுத்து. உள்ளுக்க நிண்டாத்தானே ஏதும் செய்யலாம்."

மோரா "இருபத்தேழு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டி பானையைப் பெட்டிக்குள் அடுக்கினார். எங்கோ தூர நகரத்தில் இருந்த, தமக்கையின் மகளான பெறாமகளிடம் போய், அங்கேயே செத்துப்போனார். அடுத்த விண்டரில் அந்த வீட்டில் ஹீட் நன்றாக வந்ததாம். வீட்டுக்காரன்மேல் எனக்குக் கோபமில்லை, அவன் எங்களுக்கு வாக்கு ஒன்றும் தரவில்லை. அண்ணைமேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

இப்போது அந்த வீடும் இல்லை. இடித்துக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். போன மாதம் ஸ்காபரோவில் ஒரு கலியாண மண்டபத்தில் ஞானம் அண்ணை என்னைக் கண்டு கட்டிப்பிடித்தார். மேசையில் இருந்தவர்களிடம், "இவனும் நானும் பார்க்டேலில ஒரே வீடு. கீழ ஒரு ஐரிஷ் மனிசி. என்ன ஒற்றுமையா இருந்தனாங்கள்! அந்த மனிசி ஏன் விட்டிட்டுப் போனது, தம்பி?" என்று கேட்டார்.

நடிக்கிறாரோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். நடிப்பில்லை. அவர் உண்மையாகவே மறந்துவிட்டார்.